அன்றைக்குக் காய்ச்சல் யாருக்கு

நவம்பர் 29, 2022. செவ்வாய்

இது என் வீட்டுக்காரருக்கு எஃகு ஆலையில் கொடுத்த டைரி. 2009-ஆம் வருஷத்தது. ஒரு பக்கம்கூட எழுதாமல் பெட்டியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அச்சடித்த கிழமை ஞாயிறு, இன்றைக்கோ செவ்வாய். அதை அடித்துவிட்டு எழுதுகிறேன். நாலாங்கிளாஸ் படிப்பு. எழுத்து கோணலாகத்தான் வரும். யார் படிக்கப் போகிறார்கள்?

ரூர்கேலா முழுக்கச் சுவரெல்லாம் ஹாக்கி படம். ஜனவரியில் உலகக் கோப்பை வருகிறதாம், நம் ஊருக்கே. சாக்கடைச் சுவரைக்கூட விடவில்லை. இன்று ரேஷன் கடைக்குப் போகும்போது முக்குச் சந்தில் நின்றுவிட்டேன். தண்ணீர்த் தொட்டியில் அல்பீனாவின் முகம், ஒரு ஆள் உயரத்துக்கு. மூக்கை நன்றாக வரைந்திருக்கிறார்கள். அவளுக்கு அவ்வளவு நல்ல மூக்கு கிடையாது.

நாற்பத்தொன்பது வருஷமாக அவளோடு பேச்சில்லை.

ஒரு டப்பா அரிசி போட்டேன். பாதி மிஞ்சியது.

டிசம்பர் 4. ஞாயிறு

மார்ஷல் சூரத்திலிருந்து போன் பண்ணினான். ஞாயிறானால் என் மகனுக்கு அம்மா ஞாபகம் வரும். மற்ற ஆறு நாள் மில் ஞாபகம்.

"அம்மா, மைதானம் நம்ம வீட்டுக்குப் பக்கத்துலதானே? போய்ப் பாரேன்."

"யாரோட போறது?"

"பக்கத்து வீட்டு லக்டா மாமாவோட."

"அவனோட பேச்சு இல்லைன்னு தெரியாதா உனக்கு?"

"அம்மா, அது ஒரு கொய்யாக் கிளை. ஆறு வருஷம் ஆச்சு."

"நாலு கிளை."

சிரித்துவிட்டு வைத்துவிட்டான். அப்புறம் வீட்டில் சத்தமே இல்லை. கோழிகளோடு கொஞ்ச நேரம் பேசினேன்.

டிசம்பர் 6. செவ்வாய்

இன்று ஒரு ஆள் கதவைத் தட்டினார். சோரெங் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறாராம். முப்பது வயசு இருக்கும், கண்ணாடி, பையில் காகிதக் கட்டு. உலகக் கோப்பை ஹாக்கியின் சரித்திரம், அதில் நம் ஜில்லாக்காரர்கள் — இரண்டையும் சேர்த்து ஒரு புத்தகம் போடுகிறாராம்.

"பாட்டி, உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்குன்னு சர்ச்சுல சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"லக்டா சார்."

அவனுக்கு என் ஞாபகத்தைப் பற்றித் தெரியத்தான் செய்யும்.

எழுதி வைத்ததை வாசிக்கச் சொன்னேன். 1971, முதல் கோப்பை, பார்சிலோனா. சரி. பாகிஸ்தானில் நடக்க வேண்டியது, அங்கே நிலைமை சரியில்லை என்று ஸ்பெயினுக்கு மாற்றினார்கள். அதை எழுதியிருக்கிறாயா என்றேன். எழுதியிருந்தார். பரவாயில்லை. அதற்கப்புறம் வாசித்தார்: "1973, ஹாலந்து, இறுதி ஆட்டத்தில் இந்தியா இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது."

"அடி விழும் உனக்கு."

பாவம், பேனா கீழே விழுந்துவிட்டது.

"நாம முதல்லயே ரெண்டு கோல் போட்டாச்சு. அவங்க ரெண்டையும் திருப்பினாங்க. ரெண்டுக்கு ரெண்டு. அதுக்கப்புறம் பெனால்டி ஸ்ட்ரோக், அதுல நாலுக்கு ரெண்டுன்னு போச்சு. எங்கப்பா டீக்கடை ரேடியோ முன்னாடி மண்ணுல உட்கார்ந்து அழுதாரு. இதைப் போய் ரெண்டுக்கு ஒண்ணுன்னு எழுதறியே!"

அடித்துத் திருத்தினார். அதிலிருந்து நான் ஹாலந்துக்காரர்களை மன்னிக்கவில்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். எழுதாதே என்று சொல்லவில்லை.

டீ போட்டேன். ரொம்ப நாளைக்கப்புறம் இரண்டு தம்ளர் கழுவினேன்.

டிசம்பர் 9. வெள்ளி

வாத்தியார் மறுபடி வந்தார். 1975 சொன்னேன். கோலாலம்பூர், பாகிஸ்தானை இரண்டுக்கு ஒன்று. அன்றைக்குத்தான் என்னைப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். கல்யாணப் பேச்சை விட்டுவிட்டு எல்லோரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டாவது கோலுக்கு மாப்பிள்ளை குதித்த குதியில் எங்கள் வீட்டுக் கட்டில் கயிறு அறுந்துபோனது. அந்தக் குதிக்காகத்தான் சம்மதித்தேன். போனிபாஸ் என்று பேர், எஃகு ஆலையில் வேலை என்பதெல்லாம் அப்புறம்தான் தெரியும்.

அதன் பிறகு சொல்ல என்ன இருக்கிறது? 1978 ஆறாவது. 1982, நம் பம்பாயிலேயே ஐந்தாவது. 1986 லண்டன், பன்னிரண்டு நாட்டில் பன்னிரண்டாவது. அவர் ரேடியோவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. 2014, ஒன்பதாவது. அந்த ஜூனில்தான் அவர் போனார். கடைசியாகக் கேட்டது ஸ்கோர்தான். நான் பொய் சொன்னேன். ஜெயித்துவிட்டோம் என்றேன்.

வாத்தியார் அதை எழுதவில்லை. நல்ல பிள்ளை.

பிறகு காகிதத்தைப் புரட்டி, "பெண்களுக்கு முதல் உலகக் கோப்பை 1974, பிரான்ஸ். இந்தியா நாலாவது. அதுல ஆடினவங்க நம்ம ஊர் அல்பீனா பிலுங். அவங்க பழைய பேட்டி ஒண்ணு கிடைச்சுது, கேளுங்க" என்று வாசித்தார்.

"எல்லாம் ஒரு கிடாப் போட்டியில் தொடங்கியது. கோலைக் காத்த பெண் அவள் அப்பாவின் ரப்பர் பூட்ஸைப் போட்டிருந்தாள். நான் வலது பக்கம் அடிப்பதுபோலக் காட்டினேன். அவள் பாய்ந்தாள். கால் வெளியே வந்துவிட்டது, பூட்ஸ் நின்ற இடத்திலேயே நின்றது. பந்து காலி பூட்ஸில் பட்டு உள்ளே உருண்டது. நடுவர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த விசிலைக் கீழே போட்டுவிட்டார்."

கோழிக்குத் தீனி வைக்கணும், நீ போய்ட்டு வா என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 10. சனி

அடிச்சது நான்.

நான்தான். ஏத்வாரி. எழுதி வைக்கிறேன். எங்காவது ஒரு இடத்திலாவது இருக்கட்டும்.

1973 டிசம்பர், அறுவடை முடிந்த வயல். கிடாப் போட்டி என்றால் இப்போதுபோல மேடை, மைக் கிடையாது. ஜெயிச்ச ஊருக்கு ஒரு கிடா, தோற்ற ஊருக்கு இரண்டு சேவல். கிடாவை அங்கேயே வெட்டி, ஆடின பதினோரு பேருக்கும் சால் மரத்து இலையில் பங்கு வைப்பார்கள். எங்கள் ஊர் முந்தின நாளே தோற்றுவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர் கடைசி ஆட்டத்துக்குப் போனது. அது அல்பீனாவின் ஊர். அல்பீனாவுக்கு மலேரியா. பத்துப் பேர்தான் இருந்தார்கள். அவள் அண்ணன் ஓடி வந்தான், "ஏத்வாரி, நீ வந்து ஆடு, ஒரு பங்கு கறி உனக்கு" என்று.

சொந்த ஊர்ப் பெண்கள்தான் ஆடணும், அதுதான் சட்டம். அதனால் இரவல் வந்தவள் படுத்துக் கிடப்பவளின் பேரில் ஆடுவாள். எல்லா ஊரும் செய்ததுதான். நடுவருக்கே தெரியும். நான் அன்றைக்கு அல்பீனா.

ஒன்றுக்குப் பூஜ்யம். ஜெயித்தோம். ஜீப்பில் இரண்டு பேர் வந்திருந்தார்கள், பெரிய இடத்து ஆட்கள், கையில் அட்டை. என்னைக் கூப்பிட்டு, "உன் பேர் என்னம்மா?" என்றார்கள்.

என் பேரைச் சொன்னால் கிடா போய்விடும். பத்துப் பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கிடா பக்கத்தில் கட்டியிருக்கு, கத்துது.

"அல்பீனா பிலுங்" என்று சொன்னேன். என் வாயால. நானே.

இதைத்தான் இத்தனை வருஷமா மென்னுட்டிருக்கேன். அவள் திருடினாள் திருடினாள்னு சொல்றேனே — எடுத்துக் குடுத்தது யாரு?

இருக்கட்டும். கறியாவது கிடைத்ததா? பங்கு வைக்கும்போது பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "அல்பீனா!" அல்பீனாவின் அம்மா வந்து இலையை வாங்கிக்கொண்டு நடந்துவிட்டாள். கேட்டதற்கு, "பேரு சொன்னாங்க, வாங்கினேன்" என்றாள். ஆற்றைத் தாண்டி வெறுங்கையோடு வந்தேன்.

வருவதற்கு முன்னால் அல்பீனாவின் கட்டிலுக்குப் போனேன். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கோலை எப்படி அடித்தேன் என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் சொன்னேன். விசில் விழவே இல்லை. அது அவளைச் சிரிக்க வைக்க நான் சொன்ன பொய். அந்தப் பொய்யையும் சேர்த்துத்தான் பேட்டியில் சொல்லியிருக்கிறாள்!

ஜனவரியில் அந்த ஜீப்காரர்களிடமிருந்து இந்திய அணிப் பயிற்சி முகாமுக்குக் கடிதம் வந்தது. அவள் பேருக்கு. போய்விட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு பாதிரியார் பூசையில் எழுந்து "நம் அல்பீனா பிரான்சில் ஆடுகிறாள்" என்றபோது எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

அவள் நன்றாகத்தான் ஆடுவாள். அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். காய்ச்சல் இல்லாமலிருந்தால் அவளே அடித்திருப்பாளோ என்னவோ. ஆனால் அடிக்கவில்லை.

டிசம்பர் 13

அன்று வயலில் ஆடின எங்கள் பக்கத்துப் பதினோரு பேரில் ஒன்பது பேர் செத்தாச்சு. ஒருத்தி அசாமுக்குத் தேயிலை பறிக்கப் போனவள், எண்பத்திரண்டுக்கப்புறம் தகவல் இல்லை. நடுவர் போயாச்சு. ரப்பர் பூட்ஸ்காரியும் போயாச்சு. அல்பீனாவின் அண்ணனும் போயாச்சு. தெரிந்தவள் அல்பீனா ஒருத்திதான்.

டிசம்பர் 25. ஞாயிறு. கிறிஸ்துமஸ்

மார்ஷலுக்கு லீவு கிடைக்கவில்லை. அரிசி மாவில் இனிப்பு ரொட்டி சுட்டேன். ஆறு. யாருக்கு?

சர்ச்சில் அல்பீனாவைப் பார்த்தேன். ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கல்கத்தாவை விட்டு மகனோடு இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகிறது. எப்போதும் தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்வேன். இன்று வாசலில் நேருக்கு நேர். மருமகள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்துச் சிரித்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற ஆளைப் பார்த்துச் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. தெரியாத மாதிரி நடிக்கிறாள்!

மூன்று ரொட்டியைக் கோழிகளுக்குப் போட்டேன்.

டிசம்பர் 28. புதன்

நடிப்பு இல்லை.

மருமகள் நீலிமா வீடு தேடி வந்தாள். நல்ல பெண். செருப்பை வெளியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, அத்தைக்கு ஞாபகம் போய்க்கிட்டே இருக்கு. அவங்க புள்ளையவே சில நேரம் 'யாருங்க நீங்க'ன்னு கேக்குறாங்க. ஜனவரி பதிமூணாம் தேதி மைதானத்துல அவங்களுக்கு மரியாதை பண்றாங்க. கூட்டம்னா பயப்படறாங்க. நீங்க பக்கத்துல உட்கார்ந்தா..."

"நான் எதுக்கு? என்னை அவளுக்குத் தெரியலையே."

"சாயங்காலம் ஆனா 'ஏத்வாரியைக் கூப்பிடு'ன்னு சொல்றாங்க. தினமும். ஏத்வாரி யாருன்னு விசாரிச்சுத்தான் வந்தேன்."

"நாற்பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாமே அவ."

"எனக்கு ஒண்ணும் தெரியாது, பெரியம்மா."

அவளுக்கு என்ன தெரியும்? முடியாது என்று சொல்லி அனுப்பினேன். மீதி மூன்று ரொட்டியைக் கட்டிக் கொடுத்தேன். அது அந்தப் பெண்ணுக்கு. அல்பீனாவுக்கு இல்லை.

ஜனவரி 1, 2023

டைரியின் கடைசிக்கு வந்துவிட்டேன். இப்போது முன்பக்கத்துக்குத் திரும்பி எழுதுகிறேன். மைதானத்து விளக்கைச் சோதித்துப் பார்க்கிறார்கள். ஆறு மணிக்கு என் முற்றத்தில் முருங்கை நிழல் விழுகிறது.

ஜனவரி 4. புதன்

சொல்லிவிட்டேன். வாத்தியாரிடம்.

"அந்தக் கோலை அடிச்சது அல்பீனா இல்லை. நான். எழுதிக்கோ" என்று எல்லாவற்றையும் சொன்னேன். கிடா, ஜீப், பேர், விசில்.

எழுதினதை ஒரு தடவை படித்துப் பார்த்தார். "பாட்டி, நான் உங்களை நம்பறேன். ஆனா புத்தகத்துல போடணும்னா இன்னொரு ஆள் சொல்லணும். சாட்சி யாராவது இருக்காங்களா?"

"ஒருத்தி இருக்கா."

"யாரு?"

"அல்பீனா."

பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"பதினாறாம் தேதி அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள அவங்க வாயால வந்தா மாத்திடறேன்" என்றார்.

வர வைக்கிறேன். அவள் மறந்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? நான் மட்டும் சொல்கிற ஒரு கதை. பைத்தியக்காரக் கிழவியின் கதை.

ஜனவரி 7. சனி

அவள் வீட்டுக்குப் போனேன். பதினெட்டு வயசுக்கப்புறம் முதல் தடவை அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கை ஒல்லியாக, காகிதம் மாதிரி. சுவர் முழுக்கக் கோப்பைகள்.

"கிடாப் போட்டி ஞாபகம் இருக்கா?" என்றேன்.

முகம் மலர்ந்துவிட்டது. சொன்னாள். பூட்ஸ், கால், பந்து, விசில், எல்லாம். ஒரு சொல் பிசகவில்லை. என் சொற்கள். நான் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து சொன்ன அதே வரிசை. நான் எங்கே மூச்சு விட்டேனோ அங்கே அவள் மூச்சு விடுகிறாள்.

"அன்னிக்குக் காய்ச்சல் யாருக்கு?" என்று கேட்டேன்.

"ஏத்வாரிக்கு" என்றாள். "பாவம். தூக்கித் தூக்கிப் போட்டுச்சு அவளுக்கு."

எழுந்து வந்துவிட்டேன். வழியில் லக்டா எதிரே வந்து, "என்ன அக்கா, உடம்பு சரியில்லையா?" என்றான். ஆறு வருஷமா பேசாதவன் இன்னிக்கா கேக்கணும்!

ஜனவரி 9

பதிமூன்றாம் தேதி போகிறேன். நீலிமாவுக்குச் சொல்லி அனுப்பினேன். மைதானத்தில், மட்டையும் பந்தும் பார்த்தாலாவது ஞாபகம் வராதா? அவ்வளவு பேர் முன்னால் வரட்டும். அது போதும் எனக்கு.

ஜனவரி 13. வெள்ளி

போய்விட்டு வந்தேன். ராத்திரி வெகு நேரமாகிவிட்டது. ஆனாலும் இன்றைக்கே எழுதணும்.

கார் வந்தது. அல்பீனாவுக்கு நீலச் சேலை, தோளில் கம்பளி. எனக்கு அவர் வாங்கித் தந்த பச்சைச் சேலை. இருபதாயிரம் பேர் இருப்பார்கள். நம் ஜனங்கள் மரத்திலெல்லாம் ஏறி நின்றார்கள். ஆட்டத்துக்கு முன்னால் மைதான ஓரத்தில் அல்பீனாவை நிறுத்தி, சால்வை போட்டு, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கிடாப் போட்டியிலிருந்து பிரான்ஸ் வரை. காலி பூட்ஸ் என்றதும் கூட்டம் சிரித்தது. என் கோலுக்கு இருபதாயிரம் பேர் சிரித்தார்கள். நான் இரண்டாவது வரிசையில் அவள் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவளைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஸ்பெயினோடு ஆட்டம். அந்தப் பச்சைத் தரையைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், பாட்டிலை வாங்கித் தண்ணீர் குடித்தாள். பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். பெனால்டி கார்னர். முதல் அடி தடுக்கப்பட்டுத் திரும்பி வர, நம் ஜில்லாக்காரன், நம் மண்ணில் வளர்ந்தவன், ஓங்கி அடித்தான். கோல்!

அந்தச் சத்தத்தை நான் என் ஆயுசில் கேட்டதில்லை. மேளம், விசில், தகரம். நான்கூட எழுந்துவிட்டேன். பார்த்தால் அல்பீனா சுருண்டுவிட்டாள். கம்பளியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்குகிறாள். குனிந்து அவள் காதுப் பக்கம் போனேன். கம்பளிக்குள்ளிருந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏத்வாரி."

"ம்."

"குளிருதுடி. போட்டி முடிஞ்சுதா? ஜெயிச்சோமா?"

"ஜெயிச்சோம்" என்றேன்.

"கோல் யாரு, நீயா?"

"நான்தான்."

"எனக்குத் தெரியும். நீதான் அடிப்பேன்னு அண்ணன்கிட்ட சொன்னேன். எப்படி அடிச்ச? சொல்லு."

பின்னால் ஒருத்தன் தகரத்தைத் தட்டுகிறான். முன்னால் நீலிமா போனில் படம் எடுக்கிறாள். ஒரு ஆளுக்குக்கூடக் கேட்கவில்லை. ஒரு ஆளுக்கும். வாத்தியார் எங்கேயோ மேல் வரிசையில்.

"கறி வாங்கினியா?" என்றாள்.

"இல்லை. உங்கம்மா வாங்கிட்டுப் போயிட்டா."

"அய்யோ. எனக்குத்தான் ஊட்டினா. எல்லாத்தையும் வாந்தி எடுத்துட்டேன்."

நாற்பத்தொன்பது வருஷம்! அந்தக் கறி யார் வயிற்றிலும் தங்கவில்லை.

அப்புறம் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஜீப்புல வந்தவங்க கடுதாசி போடுவாங்களாம். என் பேருக்குத்தான் வரும். வந்தா உன்கிட்ட குடுத்துடறேன், ஏத்வாரி. நீ போ."

அவளுக்குக் கடிதம் இன்னும் வரவில்லை.

கம்பளிக்குள் தலையை விட்டுக் கோலைச் சொன்னேன். பூட்ஸ் வந்தபோது நடுக்கம் நின்றது. விசில் விழுந்தபோது சிரித்தாள்.

இரண்டுக்குப் பூஜ்யம் என்று இந்தியா ஜெயித்ததாம். இரண்டாவது கோலை நான் பார்க்கவில்லை.

ஜனவரி 14

குரல் கட்டியிருக்கிறது.

ஜனவரி 16. திங்கள்

வாத்தியார் காலையிலேயே வந்துவிட்டார். நேற்று இங்கிலாந்தோடு பூஜ்யத்துக்குப் பூஜ்யம், அந்தக் கடுப்பு அவர் முகத்தில்.

"கேட்டீங்களா பாட்டி?"

"கேட்டேன்."

"சொன்னாங்களா?"

இரண்டு ராத்திரியாக யோசித்தாகிவிட்டது. சொன்னாள் என்று நான் சொன்னால் இவர் போய்க் கேட்பார். பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். மகன் கேட்பான். அவளைச் சுற்றி நின்றுகொண்டு, உண்மையா, பொய்யா என்று. யாராவது சத்தமாகக் கேள்வி கேட்டாலே அவள் நடுங்குகிறாள். இன்று கேட்டால் ஏத்வாரிக்குத்தான் காய்ச்சல் என்பாள்.

"அவ அடிச்சதுதான். நீ எழுதினபடியே இருக்கட்டும். நான் தப்பா ஞாபகம் வெச்சிருக்கேன்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "நீங்களா? தப்பா ஞாபகமா?"

"வயசாகலையா எனக்கு?"

"அப்போ அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"எனக்குக் காய்ச்சல்" என்றேன். "மலேரியா. கட்டில்ல கிடந்தேன். அல்பீனா வந்து கோல் அடிச்ச கதையச் சொன்னா."

எழுதிக்கொண்டார். மெதுவாக எழுதினார். அப்புறம் தயங்கித் தயங்கி, "அப்போ பாட்டி... அந்த 1973 ஸ்கோர்? அதையும் ஒரு தடவை சரிபார்த்துடவா?" என்றார்.

"அதைத் தொட்டே, கையை முறிச்சுடுவேன்."

இப்போதுதான் சிரித்தார். போகும்போது காலைத் தொட்டுக் கும்பிட்டார். நம்பினாரா என்று தெரியவில்லை.

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். எதற்கென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஜனவரி 22. ஞாயிறு

நியூசிலாந்திடம் தோற்றாச்சு. மூன்றுக்கு மூன்று, அப்புறம் ஒருத்தர் ஒருத்தராக ஓடி அடிக்கிற அடியில் போய்விட்டது. இன்றிலிருந்து நியூசிலாந்தோடும் பேச்சில்லை.

மார்ஷல் போன் பண்ணினான். "டிவியில உன்னைப் பார்த்தேம்மா! கம்பளிக்குள்ள தலைய விட்டுட்டு என்ன பண்ணின?"

"குளிர்" என்றேன்.

ஜனவரி 30. திங்கள்

ஜெர்மனி கோப்பையைக் கொண்டுபோனது. மைதானத்து விளக்கு அணைந்துவிட்டது. முற்றம் பழையபடி இருட்டு. சுவரில் இருக்கிற படங்கள் மழைக்குத் தாங்காது.

நீலிமா சந்தையில் பார்த்து, "சாயங்காலம் ஆனா அத்தை உங்களைத்தான் தேடறாங்க, பெரியம்மா" என்றாள்.

"ஞாயிற்றுக்கிழமை கூட்டிட்டு வா. சும்மா வரக்கூடாது. ஒரு பங்கு கிடாக்கறி, சால் இலையில கட்டி. ஒரு பங்குக்குக் கொஞ்சமும் குறையக்கூடாது."

"எதுக்கு, பெரியம்மா?"

"உங்க வீட்டுக்கும் எனக்கும் ஒரு பாக்கி இருக்கு."

கோல் போகட்டும். கறியை விட மாட்டேன்.

பிப்ரவரி 5. ஞாயிறு

காலையில் லக்டாவிடம் போய் இஞ்சி கேட்டேன். என் வீட்டில் தீர்ந்துவிட்டது, வேறு வழியில்லை. அவன் இஞ்சியும் கொடுத்து இரண்டு கொய்யாவும் கொடுத்தான். என் மரத்துக் கொய்யாதான்.

இரண்டு டப்பா அரிசி போட்டேன். பத்தவில்லை, இன்னும் அரை போட்டேன்.

அல்பீனா வந்து என் கட்டிலில் உட்கார்ந்து கறி தின்றாள். நீலிமா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வெயில் சாய்ந்ததும் கம்பளியை இழுத்துக்கொண்டு, "ஏத்வாரி, போட்டி முடிஞ்சுதா?" என்றாள்.

சொன்னேன். கோல் ஆகுமோ ஆகாதோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நடுவர் விசிலைக் கீழே போட்டார்.